வாசகர் கேள்வி பதில்: மியூனிக்கில் அந்த 21 மணி நேரம்

சென்ற இதழில் '21 ஹவர்ஸ் அட் மியூனிக்' என்ற பழைய தொலைக்காட்சிப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினரைப் பணயக்கைதிகளாகப் பிடித்த சம்பவத்தை நாடகமாக்கிய படம். அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள், சிலர் கோபமாகவும். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: படத்தில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததா? எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: எலும்புக்கூடு உண்மை. 1972 செப்டம்பர் 5, விடிகாலை 4 மணி தாண்டிய நேரம். 'கறுப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன அமைப்பைச் சேர்ந்த எட்டுப் பேர் விளையாட்டு வீரர்கள் போல டிராக் சூட் போட்டுக்கொண்டு, பைகளில் துப்பாக்கிகளோடு, ஒலிம்பிக் கிராமத்தின் கம்பி வேலியை ஏறிக் குதித்தார்கள். கொனோலி தெரு 31-ம் எண் கட்டடத்தில் தங்கியிருந்த இஸ்ரேல் அணியினரில் இருவரை ஆரம்பத்திலேயே கொன்றார்கள், ஒன்பது பேரைப் பிடித்து வைத்தார்கள். இஸ்ரேல் சிறைகளில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை விட வேண்டும், ஜெர்மன் சிறையில் இருந்த தீவிர இடதுசாரி ஆயுதக் குழுத் தலைவர்கள் ஆண்ட்ரியாஸ் பாடர், உல்ரிக்க மைன்ஹோஃப் இருவரையும் விட வேண்டும் என்பது கோரிக்கை. இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் முடியாது என்றார். பகல் முழுக்கக் கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போய், ராத்திரி ஒரு ராணுவ விமானத் தளத்தில் மீட்பு முயற்சி நடந்து, ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும், தாக்க வந்தவர்களில் ஐந்து பேரும் இறந்தார்கள். இந்த வரிசையில் படம் கை வைக்கவில்லை.

படம் ஒளிபரப்பானது 1976 நவம்பரில், சம்பவம் நடந்து நான்கே வருடத்தில். ஒளிபரப்பியது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி. நிஜச் சம்பவத்தை 1972-ல் அமெரிக்கர்களுக்கு நேரலையில் காட்டியதும் அதே ஏபிசிதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். மியூனிக்கிலேயே போய் எடுத்தார்கள். செட் போட்டிருந்தால் வந்திருக்காத ஒரு வெறுமை அந்தக் கான்கிரீட் கட்டடங்களில் இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

பேச்சுகள் மட்டும் எழுதிச் சேர்த்தவை. அறைக்குள் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் பெரும்பகுதியைச் சொல்ல, உள்ளே பிடித்து வைக்கப்பட்ட ஒன்பது பேரில் யாரும் மிஞ்சவில்லை. ஆகவே எங்கே, எப்போது, யார் என்பதை நம்புங்கள், வசனங்களை வசனங்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய விழாவில் ஒரு வேலியை ஏறிக் குதித்து உள்ளே போக முடிந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. காவலே இல்லையா?

பதில்: இருந்தது. ஆயுதம் இல்லாத காவல். இளநீலச் சீருடையில், முடிந்தவரை போலீஸ் மாதிரி தெரியாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்கள். காரணம் 1936. ஜெர்மனியில் அதற்கு முன் நடந்த கோடை ஒலிம்பிக் ஹிட்லரின் பெர்லினில் நடந்தது. சீருடை, துப்பாக்கி, அணிவகுப்பு என்று உலகத்தின் நினைவில் பதிந்திருந்த அந்தப் படத்தை அழித்துவிட்டுச் சிரித்த முகமான ஒரு ஜெர்மனியைக் காட்ட மேற்கு ஜெர்மனி ஆசைப்பட்டது. எனக்கு அந்த ஆசையில் தப்பு தெரியவில்லை. இரவில் வெளியே சுற்றிவிட்டு வருகிற வீரர்கள் வேலி ஏறி உள்ளே வருவது வழக்கமாகவே இருந்தது, காவலர்களும் கண்டுகொள்ளவில்லை. எட்டுப் பேரும் வேலி ஏறியபோது அந்தப் பக்கம் வந்த வெளிநாட்டு வீரர்கள் சிலர், இவர்களும் நம்மைப் போல என்று நினைத்துக் கை கொடுத்து ஏற்றியும் விட்டார்கள்.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எச்சரிக்கை வந்திருந்தது. கியோர்க் ஸீபர் என்ற காவல்துறை உளவியலாளர், விழாவில் என்னென்ன விபரீதம் நடக்கலாம் என்று 26 நிகழ்வுகளைக் கற்பனை செய்து எழுதிக் கொடுத்ததாகவும், அதில் 21-வது, விடிகாலையில் பாலஸ்தீன ஆயுததாரிகள் இஸ்ரேல் அணியின் கட்டடத்தில் நுழைவது பற்றியது என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெய்ரூட்டில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு ஆகஸ்டிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று தகவல் வந்ததும் 2012-ல் வெளியான ஆவணங்களில் இருக்கிறது. சிரித்த முகத்தோடு விழா நடத்தலாம், ஆனால் வந்த காகிதத்தைப் படித்திருக்க வேண்டாமா?

கேள்வி: போலீஸ் கூரை மேல் ஏறுவதை உள்ளே இருந்தவர்கள் டிவியிலேயே பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது சற்று மிகையாகத் தெரிகிறதே?

பதில்: துளியும் மிகையில்லை. மாலை நெருங்கும்போது போலீஸ்காரர்கள் விளையாட்டு உடை மாட்டிக்கொண்டு, கையில் இயந்திரத் துப்பாக்கியோடு, கட்டடத்தின் கூரைக்கும் மாடிகளுக்கும் ஏறினார்கள். காற்றுக் குழாய்கள் வழியாக உள்ளே இறங்குவது திட்டம். உலகத்தின் எல்லாக் கேமராக்களும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, அதுவும் நேரலையில். அறைக்குள் வீரர்களுக்காக வைத்திருந்த டிவி பெட்டி இருந்தது, மின்சாரத்தை யாரும் துண்டிக்கவில்லை, பத்திரிகைக்காரர்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை. தங்கள் தலைக்கு மேல் யார் ஊர்கிறார்கள் என்பதைப் பிடித்து வைத்தவர்கள் சாவகாசமாகப் பார்த்தார்கள். அவர்களின் தலைவன் வெளியே வந்து, ஆட்களை இறக்காவிட்டால் கொல்வோம் என்றான். இறக்கினார்கள். அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது.

இதைக் கேட்டதும் டிவிக்காரர்கள் மேல் கோபம் வருவது இயல்பு, எனக்கும் வந்தது. ஆனால் நியாயமாக யோசித்தால், அன்றைக்கு அப்படி ஒரு நேரலையை யாரும் செய்து பார்த்ததில்லை. செயற்கைக்கோள் வழியாகக் கண்டம் விட்டுக் கண்டம் படம் போவதே புதிது. விளையாட்டுக்கு வந்த குழு அது. ஏபிசியில் அன்று முகம் காட்டியவர் ஜிம் மெக்கே என்ற விளையாட்டு வர்ணனையாளர். இப்போதோ எந்த ஊரில் முற்றுகை நடந்தாலும் காவல்துறை முதலில் செய்ய வேண்டிய காரியங்களில் ஒன்று கேமராவைத் தூரத்தில் நிறுத்துவது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவதை நாம் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தோம். நம் சேனல்களின் அந்த நேரலையைப் பிறகு உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 36 வருடம் முன்பு நடந்தது தெரிந்தும் அப்படிச் செய்தோம். அதற்குத்தான் எனக்கு மன்னிப்பு வரவில்லை.

கேள்வி: போலீஸ் அதிகாரி, அமைச்சர், கடத்தியவன் எல்லோரும் மனதில் நிற்கிறார்கள். பணயக்கைதிகளில் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. இந்தப் படத்தின் மேல் என் பெரிய குறையே இதுதான், சென்ற இதழில் இடம் இல்லாமல் ஒரு வரியில் விட்டுவிட்டேன், இன்றைக்கு விடப்போவதில்லை.

படம் யாரோடு இருக்கிறது பாருங்கள். வில்லியம் ஹோல்டன் நடித்த காவல்துறைத் தலைவர் மன்ஃபிரட் ஷ்ரைபரோடு இருக்கிறது, ஃபிராங்கோ நீரோ நடித்த தலைவன் இஸ்ஸாவோடு இருக்கிறது. பேரம் பேசுகிற இருவருக்கு நடுவில் கதை ஓடுகிறது, பேரம் பேசப்படுகிறவர்கள் கட்டிலில் கட்டுண்டு கிடக்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் அப்படிச் சும்மா கிடக்கவில்லை.

மல்யுத்த நடுவர் யோசெஃப் குட்ஃப்ராய்ண்ட். ராத்திரி கதவில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்து போனவர், திறக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியைப் பார்த்ததும் கூச்சல் போட்டு மற்றவர்களை எழுப்பிவிட்டுத் தன் பெரிய உடம்பை முழுக்கக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றார். அந்தச் சில வினாடிகளில் அவர் அறையிலிருந்த துவியா சொகொலோவ்ஸ்கி ஜன்னலை உடைத்துத் தப்பினார். மல்யுத்தப் பயிற்சியாளர் மோஷே வைன்பர்க் எதிர்த்ததில் கன்னத்தில் குண்டு பாய்ந்தது. அந்தக் காயத்தோடு அவரை நடத்திக் கூட்டிப்போனவர்கள், மற்றவர்கள் எங்கே என்று கேட்டபோது அவர் 2-ம் எண் குடியிருப்பைக் கடந்து, மல்யுத்த வீரர்களும் பளுதூக்குபவர்களும் தங்கியிருந்த 3-ம் எண் குடியிருப்புக்குக் கூட்டிப் போனார். உடல் வலு உள்ளவர்கள் எதிர்த்து நிற்பார்கள் என்று நினைத்திருக்கலாம் என்கிறார்கள். 2-ம் எண்ணில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர்களில் நடைப் போட்டி வீரர் ஷவுல் லடானியும் ஒருவர். சிறுவனாக பெர்கன் பெல்சன் நாஜி முகாமிலிருந்து உயிரோடு வந்தவர், இரண்டாம் முறையாக ஜெர்மன் மண்ணில் தப்பினார்.

வைன்பர்க் பிறகு இன்னொரு முறை பாய்ந்தார், அந்தக் கைகலப்பில் காட் சொபாரி என்ற மல்யுத்த வீரர் ஓடித் தப்பினார், வைன்பர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். லிபியாவில் பிறந்த பளுதூக்கும் வீரர் யோசெஃப் ரொமானோ போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்து ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார், அறுவை சிகிச்சைக்காக ஊர் திரும்ப இருந்தார். அந்தக் காலோடு அவரும் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தார், கொல்லப்பட்டார். அவர் உடலை மற்றவர்கள் கண் முன்னாலேயே பகல் முழுக்கக் கிடத்தி வைத்திருந்தார்கள்.

மார்க் ஸ்லாவினுக்கு 18 வயது. மின்ஸ்க் நகரில் பிறந்து, சில மாதங்களுக்கு முன்புதான் சோவியத்திலிருந்து இஸ்ரேலுக்கு வந்த மல்யுத்த வீரர். வாள்சண்டைப் பயிற்சியாளர் ஆண்ட்ரே ஸ்பிட்ஸருக்கு 27 வயது, மகள் பிறந்து இரண்டு மாதம். அவரை ஜன்னலில் நிறுத்தி அதிகாரிகளோடு பேச வைத்தார்கள். சொல்ல வேண்டியதற்கு மேல் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் துப்பாக்கிக் கட்டையால் அடித்து உள்ளே இழுத்தார்கள். மீதிப் பேரையும் எழுதிவிடுகிறேன்: பளுதூக்கும் வீரர்கள் டேவிட் பெர்கர், ஸேவ் ஃப்ரீட்மன், மல்யுத்த வீரர் எலியேசர் ஹல்ஃபின், பளுதூக்கும் போட்டி நடுவர் யாகோவ் ஸ்ப்ரிங்கர், துப்பாக்கி சுடும் பயிற்சியாளர் கெஹாத் ஷோர், தடகளப் பயிற்சியாளர் அமிட்சூர் ஷபிரா.

முந்தின நாள் இரவு அணியினர் நகரத்தில் ஒரு இசை நாடகம் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்கள். அந்த ஒரு இரவை, அவர்கள் பேசிக்கொண்டு திரும்பி வந்ததை, ஒரு பத்து நிமிடம் இந்தப் படம் காட்டியிருந்தால் பிறகு வருகிற ஒவ்வொரு நிமிடமும் நமக்கு வலித்திருக்கும். நான்கு வருடத்துக்குள் எடுத்த படம், குடும்பங்களின் துக்கம் பச்சையாக இருந்த நேரம், அதனால் ஒதுங்கி நின்றார்களோ என்றும் நினைத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தாலும், கொன்றவனுக்கு இத்தனை நெருக்கக் காட்சிகள் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது முடியாமல் போனதை ஏற்க மனம் வரவில்லை.

கேள்வி: இஸ்ஸாவுக்கு ஃபிராங்கோ நீரோ மாதிரி அழகான நடிகரைப் போட்டதே தவறு என்கிறேன் நான். பயங்கரவாதியை நாயகனாக்குவது ஆகாதா?

பதில்: இதில் நான் உங்களோடு பாதி தூரம்தான் வருவேன். அவனை வெறும் அரக்கனாகக் காட்டியிருந்தால் படம் பொய்யாகியிருக்கும். நிஜ இஸ்ஸா ஜெர்மன் பேசத் தெரிந்தவன், ஜெர்மனியில் வாழ்ந்தவன், வெள்ளைத் தொப்பியும் முகத்தில் பூசிய கரியுமாகப் பகல் முழுக்க வெளியே வந்து நின்று நிதானமாகப் பேசினான், கையில் கையெறி குண்டோடு. அப்படிப்பட்ட ஒருவனை எதிரே வைத்துப் பேசுவதுதான் அதிகாரிகளுக்குப் பெரிய குழப்பம். அது படத்தில் வந்திருக்கிறது.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாக்குதலுக்கு அவர்கள் வைத்த பெயர் இக்ரித், பிராம் என்ற இரண்டு ஊர்களின் பெயர், 1948-ல் மக்கள் வெளியேற்றப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்கள். அகதி முகாம்களில் வளர்ந்த பையன்கள் அவர்களில் இருந்தார்கள். மியூனிக்குக்குப் பின் மூன்று நாளில் சிரியாவிலும் லெபனானிலும் இஸ்ரேல் விமானங்கள் குண்டு போட்டதில் இதோடு சம்பந்தமில்லாத மக்களும் செத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொள்வது கொலையை நியாயப்படுத்துவது ஆகாது. விளையாட வந்த 18 வயதுப் பையனைக் கட்டிப்போட்டுக் கொன்றதற்கு எந்த ஊரின் பெயரும் நியாயம் ஆகாது. என் வருத்தம் இஸ்ஸாவுக்கு முகம் கிடைத்ததில் இல்லை, ஸ்லாவினுக்குக் கிடைக்காததில்.

கேள்வி: தன்னையே பணயக்கைதியாக எடுத்துக்கொள்ளச் சொன்ன அமைச்சர், கடத்தல்காரனோடு நின்று பேசிய பெண் போலீஸ். இவர்கள் நிஜமா?

பதில்: இருவரும் நிஜம். அமைச்சர் ஹான்ஸ் டீட்ரிஷ் கென்ஷர், அப்போது மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சர், பின்னாளில் பல வருடம் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். இஸ்ரேலியர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள் என்றார். வேறு சில அதிகாரிகளும் சொன்னார்கள். இஸ்ஸா ஒத்துக்கொள்ளவில்லை. மாலையில் கென்ஷரும் ஒலிம்பிக் கிராமத்தின் மேயராக இருந்த வால்டர் ட்ரோகரும் அறைக்குள் போய்ப் பணயக்கைதிகளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள்.

அந்தப் பெண் அன்னலீஸ கிரேஸ், எஸ்ஸன் நகரத்துக் காவல் அதிகாரி, விழாப் பாதுகாப்புக்கு வந்தவர். தானாக முன்வந்து அந்தக் கதவருகே பகலெல்லாம் நின்று தூது பேசினார். ஷர்லி நைட் அவராக நடித்திருக்கிறார், படத்தில் எனக்கு மிகப் பிடித்த நடிப்பு அதுதான்.

கேள்வி: விமானத் தளத்தில் நடந்த சண்டை படத்தில் குழப்பமாக இருக்கிறது. யார் எங்கே இருந்து சுடுகிறார்கள் என்றே புரியவில்லை. எடுத்தவர்களின் கோளாறா?

பதில்: நிஜமே அவ்வளவு குழப்பம். படம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித்தான் காட்டியிருக்கிறது என்பேன்.

கெய்ரோவுக்குப் போக விமானம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் சம்மதிப்பது போல நடித்து, இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு ஹெலிகாப்டர்களில் எல்லோரையும் ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் விமானத் தளத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு போயிங் 727 நின்றது. விமானச் சிப்பந்திகள் போல உடுத்திய போலீஸ்காரர்கள் உள்ளே காத்திருந்து, பார்க்க வருகிறவர்களை மடக்க வேண்டும். ஹெலிகாப்டர் வந்து சேரும் நேரத்தில் அந்தப் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் ஓட்டெடுத்து, இது தற்கொலை என்று முடிவு செய்து இறங்கிப் போய்விட்டார்கள். மேலிடத்தில் கேட்கவில்லை. கோழைத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் எரிபொருள் நிரம்பிய விமானத்துக்குள் உட்கார வைத்தவர்களை விட்டுவிட்டு இவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை.

வெளியே குறிபார்த்துச் சுட ஐந்து பேர். முழுநேர ஸ்னைப்பர்கள் இல்லை, குறி நன்றாக வைப்பார்கள் என்று தேர்ந்தெடுத்த சாதாரணப் போலீஸ்காரர்கள். துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது, இருட்டில் பார்க்கும் கருவி கிடையாது, ஒருவரோடு ஒருவர் பேச வயர்லெஸ் கிடையாது. நான்கைந்து பேர் வருவார்கள் என்ற கணக்கில் ஐந்து பேரை நிறுத்தினார்கள். கிராமத்தில் பேருந்திலிருந்து ஹெலிகாப்டருக்கு மாறும்போது எட்டுப் பேர் என்று கண்ணால் எண்ணிய பிறகும் அந்த எண் இந்த ஐந்து பேருக்கும் போய்ச் சேரவில்லை. சொல்லப்போனால் இத்தனை உயிர்களுக்கு நடுவில் என்னை அதிகம் உறுத்துவது இந்த ஒரு தகவல்தான். எட்டு என்ற ஒரு சொல்லை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இஸ்ஸாவும் இன்னொருவனும் விமானத்துக்குள் போய்ப் பார்த்தால் காலி. ஏமாற்று என்று தெரிந்து திரும்ப ஓடினார்கள், சுடத் தொடங்கினார்கள். பணயக்கைதிகள் ஹெலிகாப்டர்களுக்குள் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவச வண்டிகளை முன்கூட்டியே வரவழைக்கவில்லை, அழைத்தபோது வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தின் போக்குவரத்தில் மாட்டி நள்ளிரவு வாக்கில்தான் வந்தன. அப்புறம் ஒரு ஹெலிகாப்டரில் கையெறி குண்டு வெடித்துத் தீப்பிடித்தது, இன்னொன்றில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வரை சத்தம் ஓயவில்லை.

ராணுவம் எங்கே போயிற்று என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். உள்நாட்டுக் காவல் வேலைக்கு ராணுவத்தை இறக்க ஜெர்மன் அரசியல் சாசனம் இடம் தரவில்லை, அதுவும் நாஜிக் காலத்தின் பாடம். பொறுப்பு முழுக்க பவேரிய மாநிலப் போலீஸ் தலையில்.

கேள்வி: எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று முதலில் செய்தி வந்ததாமே?

பதில்: ஆமாம். துப்பாக்கிச் சத்தம் ஓயும் முன்பே, பணயக்கைதிகள் மீட்கப்பட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, ராய்ட்டர்ஸ் செய்தியாகப் போய், அரசாங்கப் பேச்சாளர் கான்ராட் ஆலர்ஸே மீட்பு நல்லபடியாக முடிந்ததாக டிவியில் பேசினார். இஸ்ரேலில் குடும்பங்கள் கொண்டாடிவிட்டுத் தூங்கப் போயின. விடிகாலை மூன்று மணிக்கு மேல்தான் உண்மை வந்தது. ஜிம் மெக்கே கேமராவைப் பார்த்து, அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றார். அந்த ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, நடிப்பு எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

கேள்வி: இவ்வளவு நடந்தும் போட்டிகளை நிறுத்தவில்லையா? நம் ஹாக்கி அணி அப்போது அங்கே இருந்ததுதானே?

பதில்: இருவர் செத்துக் கிடக்க, ஒன்பது பேர் கட்டுண்டு இருக்க, அன்று பிற்பகல் வரை போட்டிகள் நடந்தன என்பதே உண்மை. பிறகு நிறுத்தினார்கள். மறுநாள் காலை ஒலிம்பிக் மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ், 84 வயதுக்காரர், போட்டிகள் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார். தொடர்வதை இஸ்ரேல் தரப்பும் எதிர்க்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், பயங்கரத்துக்குப் பணியக் கூடாது என்ற வாதம் வலுவானதுதான். ஆனால் அதே பேச்சில் பிரண்டேஜ், வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி நடந்த ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) போட்டியிலிருந்து விலக்கச் சொல்லி வந்த அரசியல் நெருக்கடியையும் இந்தக் கொலைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினார். குடும்பங்கள் அதை மறக்கவில்லை. ஏழு தங்கம் வென்றிருந்த அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் யூதர் என்பதால் அவரைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நம் ஹாக்கி அணி இருந்தது. பாகிஸ்தானோடு அரையிறுதி ஆட வேண்டிய நேரம், ஆட்டம் தள்ளிப்போனது. 0-2 என்று தோற்று, பிறகு நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

கேள்வி: உயிரோடு பிடிபட்ட மூவருக்கு என்ன தண்டனை கிடைத்தது?

பதில்: எதுவும் இல்லை. வழக்கே நடக்கவில்லை. அக்டோபர் 29 அன்று லுஃப்தான்சா விமானம் ஒன்று கடத்தப்பட்டது, கடத்தியவர்கள் கேட்டபடி மூவரையும் விட்டுவிட்டார்கள், லிபியாவில் வரவேற்பு நடந்தது. ஜெர்மனி அவ்வளவு சீக்கிரம் இணங்கியது எப்படி என்ற சந்தேகம் இன்றுவரை இருக்கிறது. பிறகு இதில் தொடர்புடையவர்கள் என்று கருதியவர்களை இஸ்ரேல் தேடித் தேடிக் கொன்றது, 1973-ல் நார்வேயின் லில்லஹாமரில் சம்பந்தமே இல்லாத ஒரு ஹோட்டல் ஊழியரையும் ஆள் மாறிக் கொன்றது.

ஜெர்மனி ஜிஎஸ்ஜி 9 என்ற தனிப்படையை உருவாக்கியது. 1977-ல் மொகதிஷுவில் கடத்தப்பட்ட விமானத்துக்குள் அந்தப் படை புகுந்து, உள்ளே இருந்த பணயக்கைதிகள் எல்லோரையும் சில நிமிடங்களில் உயிரோடு மீட்டது.

குடும்பங்களின் போராட்டம்தான் நீண்டது. ஸ்பிட்ஸரின் மனைவி அங்கியும் ரொமானோவின் மனைவி இலானாவும் ஆவணங்களைக் கேட்டு, மன்னிப்பைக் கேட்டு, ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனத்தைக் கேட்டு அலைந்தார்கள். மௌனம் 2021-ல் டோக்கியோவில் கிடைத்தது. ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் மன்னிப்புக் கேட்டதும், 2.8 கோடி யூரோ இழப்பீடு முடிவானதும் 2022-ல், ஐம்பதாம் ஆண்டில்.

கேள்வி: இதற்குப் பின் எதைப் பார்க்கலாம்? பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பார்க்க முடியுமா?

பதில்: 'ஒன் டே இன் செப்டம்பர்' என்ற 1999-ம் வருட ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது. உயிரோடு தப்பிய தாக்குதல்காரர்களில் ஒருவரான ஜமால் அல் காஷியே அதில் பேசுகிறார், அங்கி ஸ்பிட்ஸரும் பேசுகிறார். 2024-ல் வந்த 'செப்டம்பர் 5' முழுக்க ஏபிசியின் கட்டுப்பாட்டு அறைக்குள் நடக்கிறது, கேமரா பற்றிய கேள்வி கேட்டவர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயம்: '21 ஹவர்ஸ்' அந்தக் காலத்து டிவிக்காக எடுத்தது, ரத்தம் அதிகம் இல்லை, பதினான்கு பதினைந்து வயதுக்கு மேல் என்றால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். ஆவணப்படத்தில் இறந்தவர்களின் நிஜப் படங்கள் வருகின்றன, அதை முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதைப் பார்த்தாலும், மேலே எழுதிய பதினோரு பெயர்களைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். '21 ஹவர்ஸ்' அதை உங்களுக்காகச் செய்யாது.